ஓமப்பூவும் ஒரு பொட்டலம் உப்பும்

என் சமையலறை மாடத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பழைய செய்தித்தாளில் மடித்துச் சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியது. தாள் பழுத்து வெற்றிலைச் சருகு போலாகிவிட்டது. அதில் அச்சான யுத்தச் செய்தியை இப்போது யாராலும் படிக்க முடியாது. உள்ளே இருப்பது பேதி உப்பு. அரக்கோணத்தில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து யாரும் பிரிக்கவில்லை. மூன்று வீடு மாறியும் என்னோடு வந்திருக்கிறது. என் மருமகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். நான் கத்திய கத்தலில் இரண்டு தடவையும் அவளே பொறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள். ஆகவே இதில் என் தைரியம் ஒன்றும் இல்லை.

அந்தப் பொட்டலத்தை வாங்கி வந்தவர் பாவா. என் அக்கா புருஷன். திருத்தணியில் மலையடிவாரத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு ஓமக் கொட்டகை இருந்தது. அதில் கொப்பரைக்காரராக இருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கப்பலில் வரும் சீமை மருந்து நின்றுபோனதால் இங்கேயே மருந்துச் சரக்கு காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். கர்னூல் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் ஓமம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை ஒன்றிரண்டாக இடித்து, பெரிய செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்து, அடியில் தீ எரிப்பார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து மறுபக்கம் சொட்டுச் சொட்டாக விழும். விழுவதில் தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அந்தத் தண்ணீர்தான் குழந்தைகளுக்கு வயிற்றுவலிக்குக் கொடுக்கிற ஓமத் தண்ணீர். எண்ணெயை வழித்துச் சீசாக்களில் அடைத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். மார்கழி, தை மாதக் குளிரில் அந்தச் சீசா காலையில் மேலே வரும்போது உள்ளே வெள்ளை வெள்ளையாக உறைந்திருக்கும், கற்கண்டை உடைத்துப் போட்ட மாதிரி. அதைக் கொட்டகையில் ஓமப்பூ என்பார்கள். இன்றைக்கு நன்றாகப் பூத்திருக்கிறது, இன்றைக்குப் பூக்கவில்லை என்று செடியைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசிக்கொள்வார்கள். மெட்ராசுக்கு அனுப்பும்போது அதே பூவுக்குத் தைமால் என்று சீட்டு ஒட்டுவார்கள்.

ஓம எண்ணெயில் ஏறக்குறையப் பாதி இப்படிப் பூக்கும். பூக்காமல் நிற்கிற மிச்சத்துக்கு வாசனை உண்டு, வேலை குறைவு. புண்ணில் சீழ் பிடிக்காமல் காப்பதும் வயிற்றுப் பூச்சியைக் கொல்வதும் இந்தப் பூதான். இதெல்லாம் பாவாவுக்குத் தெரியும். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, அவருக்குக் கையெழுத்துப் போடுவதே கஷ்டம். கையால் தெரியும், நாக்கால் தெரியும். ஒரு மூட்டை வந்தால் நாலு ஓமத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்வார். பிறகு ஒன்றே ஒன்றை முன்பல்லில் கடித்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். நாக்கு மரத்துப்போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். சீக்கிரம் மரத்தால் நல்ல சரக்கு. மரக்கவே இல்லை என்றால், எங்கோ ஒரு திருட்டுப் பயல் எண்ணெயை வடித்துக்கொண்டு சக்கையைக் காயவைத்து மூட்டை கட்டி விற்றிருக்கிறான் என்று அர்த்தம். பாவா தலையை ஆட்டினால் முதலாளி அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏன் என்று பாவா யாருக்கும் சொன்னதில்லை. தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே கிடந்தது. பெரிய கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அக்காவும் கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சேற்றில் நின்றவர்கள். செருப்பு என்று ஒன்று எங்கள் கால் கண்டதில்லை. பெண்பிள்ளை செருப்புப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால் மகாராணி வருகிறாள் என்று சிரிப்பார்கள். ஒதுங்குவதும் அந்த வயல் ஓரத்தில்தான், நடவு நடுவதும் அந்தச் சேற்றில்தான். அக்கா கல்யாணமாகித் திருத்தணிக்குப் போன பிறகும் ஏரிக்கரைப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வெளுக்க ஆரம்பித்தாள். நகம் வெள்ளை, நாக்கு வெள்ளை, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே துவைத்த துணி மாதிரி இருக்கும். கால் வீங்கியது. வருஷம் தவறாமல் கிருத்திகைக்கு மலையேறியவள் இருபது படி ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அவள் மண் தின்பதைப் பார்த்துவிட்டேன். அடுப்புக்குப் பின்னால் சுவர் பெயர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அது தெரிந்திருந்தது. உன் அக்கா சுவரையே தின்றுவிட்டு வீட்டை வெட்டவெளியாக்கிவிடுவாள் போலிருக்கிறதே என்று என்னிடம் கேலி பேசினாள். நான் அவமானத்தில் அக்காவைத் திட்டினேன். அவள் அசையவில்லை.

"மாடு புல்லு தின்னுது. நான் மண்ணு தின்றேன். உனக்கு என்னாடி கஷ்டம்?"

அப்படித்தான் அவள் பேசுவாள். மூச்சு வாங்கிக்கொண்டே நக்கலடிப்பாள்.

தர்மாஸ்பத்திரியில் டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் கம்பவுண்டர்தான் எல்லாம். நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் கண்ணையும் நகத்தையும் பார்த்துவிட்டு, மண் தின்கிறாளா என்று அவரே கேட்டார். கொக்கிப் புழு என்றார். சேற்றிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறிக் குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது, ரத்தம் போகப் போகத்தான் மண்ணின் மேல் ஆசை வருகிறது என்றார். இதைப் பாவாவிடம்தான் சொன்னார். நானும் அக்காவும் வாசலில் உட்கார்ந்து காதில் விழுந்ததைக் கேட்டோம். பாவா காலில் செருப்பு இருந்தது. கொட்டகையில் தரை சுடும் என்று முதலாளி எல்லா ஆளுக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். இந்தப் புழுவுக்கு மருந்து தைமால்தான், ஆனால் இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற பங்கு நின்று ஆறு மாதமாகிறது, எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று கம்பவுண்டர் கையை விரித்தார். அதைக் காய்ச்சுகிற கொப்பரைக்காரரிடம் சொன்னார். பாவா எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பூவை எண்ணெயிலிருந்து பிரிக்க மெல்லிய துணியில் போட்டுப் பிழிவார்கள். பிழிந்த துணியின் மடிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாவா பத்து நாள் அந்தத் துணியைச் சுரண்டினார். சுரண்டியதை இடுப்பு வேட்டியில் முடிந்து கொண்டுவந்தார். அகப்பட்டிருந்தால் யுத்தச் சரக்கைத் திருடியதாக ஜெயில்தான். அந்தப் பயம் அவர் முகத்தில் தெரியும். அக்காவுக்காக அவர் அதைச் செய்தார் என்பதை நான் மறைக்கவில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு இருக்கிற பெரிய விஷயம் அதுதான். கம்பவுண்டர் அதைத் தட்டானின் தராசில் நிறுத்து, பொடித்து, மூன்று தாளில் மூன்று மடிப்பாக மடித்துக் கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலமே பேதி உப்பு கொடுத்து வயிற்றைக் காலியாக்க வேண்டும். மறுநாள் விடிகாலை வெறும் வயிற்றில் முதல் மடிப்பு. பிறகு நேரம் விட்டு நேரம் மற்ற இரண்டு. உச்சிப் பொழுதுக்குள் மறுபடியும் பேதி உப்பு கொடுத்து, செத்த புழுவும் மிஞ்சின மருந்தும் வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே தங்கக் கூடாது. எண்ணெய், நெய், கள், சோறு எதுவும் ஆகாது. தன்னிடமிருந்த கடைசிப் பேதி உப்பை முந்தின நாளைக்கென்று கொடுத்துவிட்டு, மறுநாளைக்குக் கடையில் வாங்கிக்கொள் என்றார். இதெல்லாம் பாவா எனக்கு வீட்டில் வந்து சொன்னது. எதற்காக எண்ணெய் ஆகாது என்று கம்பவுண்டர் சொன்னாரா, சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. பாவா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த வைத்தியர்தான் எண்ணெயைச் சேர்க்கச் சொன்னார்? காமாலைக்கு எண்ணெய் ஆகாது, சிரங்குக்கு எண்ணெய் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, புளி ஆகாது. எங்களுக்குப் பத்தியம் என்றால் அதுதான். காரணம் கேட்டால் வாயாடி என்பார்கள்.

தை மாதம். அன்றைக்குப் பாவா ஒரு நாள் லீவு வாங்கியிருந்தார். விடியும்போதே முதல் மடிப்பை அக்கா வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வாயெல்லாம் எரிகிறது, கொட்டகையையே முழுங்கின மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. கடை திறந்ததும் பாவா உப்பு வாங்கப் போனார். கடையில் உப்பு இல்லை. இன்னொரு கடையிலும் இல்லை. முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும், இது ஒரு குழந்தைக்கும் தெரியும். கெட்டிக்காரருக்குத் தெரியவில்லை. ஓடி வந்தார். அரக்கோணம் போய் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"மீதி ரெண்டு மடிப்பையும் நேரம் பாத்துக் குடுத்துடு. உச்சிக்குள்ள பேதியாயிடணும், இல்லன்னா ஆபத்து. நான் அதுக்குள்ள வந்துடறேன். எண்ணெ, நெய்யி ஒண்ணும் சேக்காத."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

நான் இரண்டு மடிப்பையும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தேன். மூன்றாவதற்குப் பிறகு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாவா வரவில்லை. நான் தர்மாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் அம்மை குத்தப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தார். ஸ்டேஷனுக்கு ஓடினேன். பட்டாள வண்டிகள் வரிசையாகப் போகின்றன, பாசஞ்சர் அரக்கோணத்திலேயே நிற்கிறது, எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்றார் போர்ட்டர். திரும்பி வந்தபோது வாசலில் நிழல் காலடிக்கு வந்துவிட்டிருந்தது. உச்சிக்குள் பேதியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. அந்த ஒரு வார்த்தைதான் என் தலையில் இடித்துக்கொண்டிருந்தது.

பேதிக்கு எங்கள் வீடுகளில் என்ன கொடுப்பார்கள்? பிறந்த குழந்தையிலிருந்து கிழவர் வரை விளக்கெண்ணெய்தான். பூச்சி மருந்து எது கொடுத்தாலும் அதன் பின்னால் விளக்கெண்ணெய் கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. எண்ணெய் சேர்க்காதே என்றதை நான் மறக்கவில்லை. தாளிக்கக் கூடாது, தலைக்குத் தேய்க்கக் கூடாது, பலகாரம் கூடாது என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். விளக்கெண்ணெய் மருந்து. மருந்துக்குப் பத்தியம் ஏது? நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது. நான்தான் செய்தேன். சுவர் மாடத்திலிருந்து விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்து, கைபொறுக்கும் சூட்டில் காய்ச்சி, அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு போனேன். அக்கா எழுந்து உட்கார்ந்து வாங்கினாள். அந்த வழவழப்பைப் பார்த்ததும் நான் முகத்தைச் சுளித்தேன். அவள் டம்ளருக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடிக்கிறவ நானு. மூஞ்ச சுளிக்கிறது நீயா?"

ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வலி விட்டது என்றாள். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு அவளுக்கு வேர்க்க ஆரம்பித்தது. தை மாதத்தில் அப்படி ஒரு வேர்வையை நான் பார்த்ததில்லை. கை கால் சில்லிட்டுப் போயிற்று. பேச்சு குழறியது. காதுக்குள் மேளம் அடிக்கிறது என்றாள்.

"மலை மேல மேளம் அடிக்கிறாங்களே, இன்னிக்கி கிருத்திகையாடி?"

இல்லை என்று சொன்னேன். இல்லை இல்லை கேட்கிறதே என்றாள். கிருத்திகைதான் அக்கா என்றேன். பேதி ஆகவே இல்லை. சிறுநீர் மட்டும் போயிற்று, கரும்பச்சையாக. அதை நான் ஒரு துணியால் துடைத்தேன். வெயில் சாயும்போது அவள் மூச்சு எனக்குக் கேட்காமல் போயிற்று. எந்த நிமிஷம் நின்றது என்று தெரியாது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாவா வந்தார். நடந்து வந்திருந்தார். மூன்று மணி வரைக்கும் அரக்கோணம் பிளாட்பாரத்தில் இதோ விடுவான், இதோ விடுவான் என்று உட்கார்ந்திருந்துவிட்டுத் தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்திருக்கிறார். காலையிலேயே நடந்திருந்தால் உச்சிக்கு முன்னால் வந்திருக்கலாம். அந்தத் தூரம் அவர் கால் அறியாத தூரமில்லை. சட்டையெல்லாம் கரிப்புகை. கையில் அந்தப் பொட்டலம். அக்காவைப் பார்த்தார். கீழே கிடந்த டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். மூட்டையைச் சோதிக்கிற அதே மாதிரி, நிதானமாக.

"எண்ணெயா குடுத்தே?"

"ஆங்."

பொட்டலத்தை மாடத்தில் வைத்தார்.

மறுநாள் காலை, பிணம் கிடக்கும்போதே கம்பவுண்டர் வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. உப்பு எப்போது கொடுத்தீர்கள் என்று பாவாவைக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உச்சிக்கே கொடுத்துவிட்டோம் சார், அவளுக்குத் தாங்கவில்லை என்றார் பாவா. கம்பவுண்டர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பாவா என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று வெகுநாள் நினைத்தேன். பூவைத் திருடிக்கொண்டு வந்த விஷயம் கிளறப்படாமல் சீக்கிரம் மூடட்டும் என்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் சொல்லியிருக்கலாம். எது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

நாலாம் நாள் நானே அவரிடம் போய்க் கேட்டேன். எண்ணெய் கொடுத்தால் என்ன? அவர் எழுந்தார். உள்ளே போய் இரண்டு டம்ளர் எடுத்து வந்தார். ஒன்றில் தண்ணீர் ஊற்றினார், ஒன்றில் அதே விளக்கெண்ணெய். வேட்டி முடிச்சில் மிஞ்சியிருந்த ஓமப்பூவில் ஒவ்வொரு துண்டு போட்டார். தண்ணீரில் போட்டது போட்டபடியே கிடந்தது. எண்ணெயில் போட்டதை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். காணோம்.

"தண்ணில கரையாது. குடல்ல அப்படியே கெடந்து பூச்சியக் கொன்னுட்டு வெளிய பூடும். எண்ணெ பட்டா கரைஞ்சி ரத்தத்துல ஏறிடும். ஏறுனா விஷம்."

அந்த இரண்டு டம்ளரையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தினம் தினம் கொட்டகையில் அவர் கண் முன்னால் நடக்கிற காரியம். பூத்த பூ கொஞ்சம் வெயில் பட்டால் மிச்ச எண்ணெயில் கரைந்துவிடும் என்றுதானே அவசரம் அவசரமாகப் பிழிவார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை நீ என்றேன்.

"இத அன்னிக்கிக் காலையில எனக்குக் காட்டியிருந்தா உனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

அவர் டம்ளரைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"ரயிலுக்கு நேரமாயிடுச்சி."

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த, எங்களைப் பெற்ற நைனா, வந்த வேலை முடிந்ததும் பேச்சை எடுத்தார். பெரியவள் போய்விட்டாள், சின்னவளைக் கொடுத்துவிடுகிறோம், மாப்பிள்ளை தனியாகக் கஷ்டப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான், ஒருவரும் புருவத்தைத் தூக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்கப் பழகாத வீட்டில் அன்றைக்கு மட்டும் எல்லாரும் கேட்டிருப்பார்கள். பாவாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே காரணமாக இருக்கும். வைகாசியில் கல்யாணம் நடந்தது. நான் அவரைக் கடைசி வரைக்கும் பாவா என்றே கூப்பிட்டேன். அவர் உடம்பில், வேட்டியில், படுத்த பாயில் எப்போதும் ஓம வாசனை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. என் வீட்டில் முறுக்குக்கு ஓமம் போட்டதே இல்லை. பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் சுக்கு வைத்துக் கொடுப்பேன்.

அதே வருஷம் ஆடியில் எனக்கும் முகம் வெளுத்துக் கால் ஊதத் தொடங்கியது. கம்பவுண்டரிடம் மருந்து மறுபடி வந்திருந்தது, உப்பும் வந்திருந்தது. உனக்கு இன்னும் ரத்தம் மிச்சமிருக்கிறது, தாங்குவாய் என்று கொடுத்தார். நான் முறையாகச் சாப்பிட்டேன். பிழைத்தேன். மருந்து வாங்க வரிசையில் நின்ற அன்றைக்கு எனக்கு முன்னால் எங்கள் கே.ஜி.கண்டிகைக்காரி ஒருத்தி நின்றாள், இடுப்பில் பெண்குழந்தையோடு. அக்காவுக்கு இருந்த அதே முகம், அதே நகம். கம்பவுண்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உனக்கு இந்த மருந்து தாங்காதும்மா, போன தையில் உன்னை மாதிரி ஒருத்திக்குக் கொடுத்துத்தான் நான் தப்புப் பண்ணினேன் என்று சொல்லி, இரும்புச் சத்துத் தண்ணீரை ஒரு சீசாவில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். நான் அவர் மேஜைக்கு மூன்றடி தள்ளி நின்றேன். மருந்து கொல்லவில்லை சார், நான் கொடுத்த விளக்கெண்ணெய்தான் கொன்றது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவள் பிழைத்திருப்பாளோ மாட்டாளோ, அவருக்கு நிஜம் தெரிந்திருக்கும். என் வாய் திறக்கவில்லை. புருஷன் பொய்யன் என்று ஆகிவிடுமே, நான் கொலைகாரி என்று ஆகிவிடுமே. என் முறை வந்ததும் கையை நீட்டி என் மூன்று மடிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவள் செத்துப்போனாள் என்று நைனா வந்தபோது சொன்னார். அவள் குழந்தையை யாரோ எடுத்துக்கொண்டார்களாம். அந்தக் கம்பவுண்டர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் வெளுத்த பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை. அந்த வரிசையில் நின்ற அன்றைக்கே வீட்டுக்கு வந்து பாவாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பொட்டலத்தை இரண்டு பேருமே பிரிக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நான் அதை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, சுவர் காய்ந்ததும் அதே இடத்தில் வைப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். யுத்தம் முடிந்தது, சீமை மருந்து வந்தது, கொட்டகையை மூடினார்கள். கொப்பரையைச் செம்பு விலைக்கு உடைத்து எடுத்துப் போனார்கள். பாவா மண்டிக் கடையில் மூட்டை தூக்கினார். பிள்ளைகள் மூன்று. மூன்றுக்கும் நடக்க ஆரம்பித்த அன்றே செருப்பு வாங்கிப் போட்டேன். தெருவே சிரித்தது. சிரித்தவர்களைப் பிடித்து வைத்து, புழு எந்த வழியாக ஏறுகிறது என்று சொன்னேன். கேட்டவர்கள் கேட்டார்கள். அதில் என் பாவம் கழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

பாவா கடைசியாகப் படுத்தபோது நினைவு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்குக் கம்பவுண்டரிடம் தான் சொன்னது சரிதானே என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றித் தானாகத் திறந்த பேச்சு அது ஒன்றுதான். சாகிற மனுஷனுக்கு ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அக்காவிடம் கிருத்திகைதான் என்று சொன்னவள்தானே நான். அவரிடம் சொல்ல வரவில்லை.

"இல்ல பாவா. தப்பு. நான் வாயை மூடிகினு நின்னதும் தப்பு."

"ஆங்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கோபமில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் கொஞ்சம் கோபம் இறங்கியது. முழுசாக இல்லை.

போன மாதம் பேரப்பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டர். மாத்திரை ஒன்றே ஒன்று கொடுத்தார், சப்பித் தின்னலாமாம், இனிக்குமாம். எண்ணெய் சேர்க்கலாமா என்று கேட்டேன். எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் பாட்டி என்றார். ஏன் என்று கேட்டேன். மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள், பின்னால் வரிசை நிற்கிறது என்று. நான் நகரவில்லை. அவர் சிரித்துவிட்டு, இது வேறே மருந்து, பழைய மருந்து மாதிரி இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இன்றைக்குக் காலையில் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். சணல் தொட்டதும் பொடியாகிவிட்டது. உள்ளே உப்பு ஒரே கட்டியாக இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அம்மிக் குழவியால் ஒரு மூலையை உடைத்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். விரலை விட்டு இரண்டு சுற்று. கரைந்துவிட்டது. தண்ணீர் பச்சைத் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் கசந்தது. நான் முகம் சுளித்தேன். அக்கா சுளித்திருக்க மாட்டாள், குடித்திருப்பாள். மீதிக் கட்டியைப் புதுத் தாளில் மடித்துக் கட்டி மாடத்திலேயே வைத்திருக்கிறேன். மருமகளிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன், காரணத்தோடு.